மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை

உயிர்களிடம் அன்பு காட்டுவதில் அந்தச் சாயப்பட்டறைக்கு நிகரான இடம் மூவுலகிலும் கிடையாது. அங்கே மீன்கள் வாழ்ந்த வாழ்வை மன்னர்கள்கூட வாழ்ந்ததில்லை.

கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும், அந்த நீரில் மீன் வளர்த்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பட்டறை விதியை மதித்தது. வாசலிலேயே கண்ணாடித் தொட்டி வைத்து, 'சுத்தம் செய்த' நீரை நிரப்பி, மீன்களை விட்டது. மேலாளர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அவை மல்லாந்தன. உடனே ஒரு 'தொழில்நுட்பத் திருத்தம்' செய்யப்பட்டது: தொட்டிக்கு மட்டும் லாரியில் குடிநீர். கழிவுநீர்க் குழாய் தொட்டியின் முதுகு வரை வந்து, மரியாதையாக நின்றுகொண்டது.

மீன்களைக் கவனிக்க ஒருவர் நியமிக்கப்பட்டார். எல்லோரும் அவரை 'மீனப்பா' என்றார்கள். பொறுப்பான மனிதர். புகைபோக்கி கரியைத் துப்பினால் தொட்டியை மூடுவார். ஜெனரேட்டர் அலறினால் கண்ணாடியைச் சுற்றிக் கம்பளி போர்த்துவார். சத்தம் மீனுக்கு ஆகாதல்லவா.

அவர் வீடு பட்டறையின் பின்தெருவில் இருந்தது. அங்கே மூடியும் இல்லை, கம்பளியும் இல்லை. கரி, கொடியில் காயும் துணியில் வந்து உட்கார்ந்தது. பட்டறையில் அன்று என்ன சாயமோ, கிணற்றிலும் அதே நிறம். மகளுக்கு உடம்பெல்லாம் புண். இதையே குடித்துக்கொண்டிருந்தால் சிறுநீரகம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மீனப்பா தலையைச் சொறிந்தபடி மேலாளரிடம் போய், தினம் ஒரு குடம் லாரித் தண்ணீர் கேட்டார்.

"அது மீனுக்குன்னு ஒதுக்கினதுப்பா. வாயில்லாத ஜீவன். அது வாயில மண்ணைப் போடலாமா?"

மீனப்பாவுக்கே அது நியாயமாகப் பட்டது. வீட்டில் வந்து சொன்னார். மனைவிக்கு அப்படிப் படவில்லை. தெருக்காரர்களைத் திரட்டிப் புகார் கொடுத்தாள்.

மாசுத் தடுப்பு அதிகாரி நேரில் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மீனே துள்ளி விளையாடுது. உங்களுக்கு என்னம்மா கேடு?"

அவள் இடுப்பிலிருந்த குடத்தை எடுத்துத் தொட்டிக்கு மேலே பிடித்தாள். கணவனைப் பார்த்தாள். தொட்டியை மூடுவது அவர் வேலை. மூடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மீனப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

"எங்க கிணத்துத் தண்ணிதான் சார். அதுங்களும் கொஞ்சம் குடிக்கட்டும்" என்று குடத்தைக் கவிழ்த்தாள்.

மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

"இதைத்தான் சார் என் பொண்ணு குடிக்கிறா" என்றார் மீனப்பா.

அதிகாரி உருகிப்போனார். இறந்த மீன்களுக்காகத் தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் மௌனமாக நின்றார். பிறகு அங்கேயே தீர்ப்பு சொன்னார். பட்டறையின் தூய நீரில் பொதுமக்கள் மாசு கலந்துவிட்டார்கள், உயிர்ச்சேதம் ஏற்பட்டிருக்கிறது, தெருவுக்கு எச்சரிக்கை. கடமை தவறிய மீனப்பாவுக்கு அப்போதே வேலை போனது.

அன்று மாலையே புது மீன்கள் வந்தன. தண்ணீர் லாரியும் வந்தது. பின்தெரு வழியாகத்தான் வந்தது. மகள் வாசற்படியில் உட்கார்ந்து, அது வழியெல்லாம் சிந்திக்கொண்டு போவதைப் பார்த்தாள்.

மீன் இல்லாத வீடுகளில் அது நிற்பதில்லை.