மாநாடு கண்டு வந்தவர்

மக்காவுக்குப் போய்வந்தவர் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். கதிர்காமம் போய்வந்தவர் திருநீறு கொண்டுவருவார். டுபாய் போய்வந்தவரிடம் சொக்லேட் இருக்கும். அயல்வீட்டுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். வாயில் போட்டாலோ நெற்றியில் பூசினாலோ விஷயம் முடிந்தது. ஆனால் அண்மைக்காலமாக நம்மிடையே பெருகிவரும் இன்னோர் இனம் இருக்கிறது: மாநாட்டுக்குப் போய்வந்தவர். இவர் பாடங்கள் கொண்டுவருவார். அவையும் பங்கிடப்படும். தீரவே தீராது.

சந்தேகமிருந்தால் கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சாஹுல் ஹமீது ஹாஜியாரின் அச்சகத்தை எட்டிப் பாருங்கள். கணினிக்கு முன்னால் இருப்பவர் சுமன், வடிவமைப்பாளர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. கொழும்பு ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் நடந்த வடிவமைப்பாளர் மாநாட்டுக்குப் போவதற்கு முன்னால் அவர் சாதாரண மனிதர்தான். திருமண அட்டையில் ரோஜாப்பூப் போடு என்றால் போடுவார், இன்னும் இரண்டு போடு என்றால் அதையும் போடுவார். திரும்பி வந்ததிலிருந்து பிளேன்டீக்குச் சீனி போடுவதில்லை, பேக்கரிப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் பல் கூசியவர்போல முகத்தைச் சுளிக்கிறார், எந்தப் பேச்சையும் "அங்க ஒருத்தர் சொன்னாரு" என்றுதான் தொடங்குகிறார். அந்த ஒருத்தர் யார்? அவருக்கும் பெயர் ஞாபகமில்லை.

வேலை சொல்ல வருபவரிடம் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும் என்பது அந்த ஒருத்தர் சொன்ன ஒரு பாடம். கம்பளை மரக்கறி வியாபாரி யோகராஜ் கடைக்குப் புதுப் பெனர் கேட்டு வந்தார். ஏன் என்றார் சுமன். பழசு காற்றில் கிழிந்துவிட்டது. ஏன்? காற்று பலம். ஏன்? மூன்றாவது ஏனோடு யோகராஜ் எழுந்தார். பக்கத்து அச்சகத்துக்குப் போய்விட்டார்.

இன்னொரு பாடம் வெற்றிடம். காகிதத்தில் குறைவாக இருந்தால் நிறையத் தெரியுமாம்.

"என்ன மகன், மை முடிஞ்சி போச்சா?" என்று ஹாஜியார் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல ஹாஜியார், கண்ணு மூச்சு விடணும்."

"கண்ணு பாக்கத்தானே? மூச்சு விட மூக்கு ஈக்கே."

இதுவரை யாருக்கும் பெரிய நட்டமில்லை. அப்புறம் சஞ்சீவனி வந்தாள்.

குண்டசாலையில் வீடுவீடாகப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண். மூன்று வருடத்துக்குப் பிறகு சொந்தமாக வகுப்புத் தொடங்குகிறாள். கட்டுகஸ்தோட்டையில் மாடி மண்டபமொன்று கிடைத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு: முதல் ஞாயிறு பதினைந்து பிள்ளைகளாவது வராவிட்டால் மண்டபம் விஞ்ஞான வகுப்பு நடத்தும் சேர் ஒருவருக்குப் போய்விடும்.

"போஸ்டர்ல எழுத்து பெரிசா இருக்கணும்ணே. பஸ்ல போற பிள்ளைங்களுக்குத் தெரியணும்" என்றாள்.

சுமன் ஒரு நாள் முழுவதும் உழைத்தார். தாள் நிறைய வெளிர் மஞ்சள். கீழ் மூலையில், எறும்பு வரிசையைவிடச் சற்றுப் பெரிதாக, 'ஏன்?' என்ற ஒரு சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கமும்.

"கணக்கு கிளாஸுன்னு எப்படிண்ணே தெரியும்?"

"தெரியக்கூடாது. அவங்க தேடி வரணும்."

"தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைங்களுக்கு நான் எதுக்குண்ணே?"

சுமன் சிரித்தார். மாநாடு போகாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சஞ்சீவனியும் தன் வீட்டின் முதல் பட்டதாரிதான், ஆனாலும் தன்னைவிட மூத்த பட்டதாரி ஒருவர் அடித்துச் சொல்லும்போது தன் மூளையைச் சந்தேகிப்பது முதல் தலைமுறைக்காரருக்கே உரிய வியாதி. சரி என்றாள். இருநூறு தாள் அச்சாகி, வியாழக்கிழமை பாலத்திலிருந்து கண்டி பஸ் நிலையம் வரைக்கும் ஒட்டப்பட்டது.

நம் ஊர்ச் சுவரில் வெற்றிடம் எத்தனை மணித்தியாலம் தாங்கும்? வெள்ளி காலையில் ஒரு தாளின் நடுவில் 'அறை வாடகைக்கு, பெண்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் தண்ணீர்த் தாங்கி கழுவுபவரின் இலக்கம். மூன்றாவதில் யாரோ பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் புள்ளடியும் வட்டமும் போட்டு விளையாடித் தோற்றிருந்தார்கள். சஞ்சீவனிக்கு இரண்டு அழைப்பு வந்தது. ஒருவர் இது மனநல ஆலோசனையா என்று கேட்டார். மற்றவர் எந்தக் கிறிஸ்தவ சபை என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார் சுமன். "நல்ல வடிவமைப்பு மெதுவாத்தான் வேலை செய்யும்."

"ஞாயிறு மெதுவா வராதுண்ணே."

சனி காலை அவள் இரண்டு மாக்கர் பேனா வாங்கிக்கொண்டு பாலத்தடியிலிருந்து நடந்தாள். ஒவ்வொரு தாளிலும் மீந்திருந்த மஞ்சளில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: சாதாரண தரப் பரீட்சைக் கணிதம், ஞாயிறு எட்டு மணி, மண்டபத்தின் பெயர். அதற்குக் கீழே பழைய வினாத்தாள் கணக்கொன்றைத் தொடங்கி, இரண்டு வரி செய்து, பாதியில் விட்டாள். தாளுக்குத் தாள் வேறு கணக்கு.

பின்னேரம் பஸ் தரிப்பில் நின்ற சுமன் அதைக் கண்டார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி சுவரில் கொப்பியை வைத்து அடுத்த வரியைச் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

மாநாட்டுக்குப் போய்வந்தவருக்கு ஒரு பாடம் உண்மையிலேயே கிடைக்கக்கூடிய இடம் இதுதான். சுமனும் தாளுக்குக் கிட்டப் போனார். இந்த இரண்டு வரி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஒரு கணம் தன்னையே கேட்டுக்கொண்டார். ஒரு கணம்தான். பிறகு கைபேசியை எடுத்துக் கோணம் பார்த்துப் படம் பிடித்தார்.

ஞாயிறு இருபத்துமூன்று பிள்ளைகள் வந்தார்கள். மண்டபம் சஞ்சீவனிக்கு நிலைத்தது. அந்த வாரமே முகநூலில் சுமனின் பதிவும் வந்தது: 'வெற்றிடம் மக்களை எழுத அழைக்கிறது. எமது பரிசோதனை.' அதில் சஞ்சீவனி 'உள்ளூர்ப் பாவனையாளர் ஒருவர்' என்று வந்திருந்தாள். நானூறு பேர் விரும்பினார்கள். அடுத்த மாநாட்டில் பேச அழைப்பும் வந்துவிட்டது.

"நீங்களும் வாங்களேன், முன் வரிசையில கதிரை போடச் சொல்றேன்" என்று சுமன் பெரிய மனதோடு கேட்டார்.

"ஞாயிறு கிளாஸ் இருக்குண்ணே" என்றாள் அவள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாக ஒரு கூட்டத்தில் 'எங்களுடைய அணுகுமுறை' என்று தொடங்கி நீங்கள் ஒன்றை விளக்கினீர்களே, எல்லோரும் குறித்துக்கொண்டார்களே, அது உங்களுடைய எந்தப் பிழையைத் திருத்த யார் செய்தது? அவர் பெயரைச் சொன்னீர்களா?