தலைகீழ் சர்பத்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்றைக்குக் கோயிலை விட்டு வெளியே வந்ததும் சபதம் போட்டேன். "ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன் வாசனைகூடப் பிடிக்க மாட்டான் இந்த பிராங்க்ளின்!"

என் மனைவி இசைவாணி சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "ஜெயிச்சா புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கங்க. தோத்தா என்கூட வேளாங்கண்ணிக்கு நடந்து வரணும்" என்றாள். நானோ தெருமுனைக் கடைக்கே பைக்கில் போகிறவன்.

வயிறு காலியானால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வேலையோ கம்ப்யூட்டரில் படம் செய்கிற வேலை. ஒரு சர்பத் கம்பெனிக்கு, உருண்டை கிளாஸில் நன்னாரி சர்பத். போட்டோ கூடாதாம், எல்லாமே கம்ப்யூட்டரில் உருவாக வேண்டுமாம். சர்பத்தா அது? சீயக்காய்த் தண்ணீர் மாதிரி செத்துக் கிடந்தது. எழுந்தேன். உட்கார்ந்தேன். ஃபேனைப் போட்டேன். நிறுத்தினேன். கிளாஸைச் சுற்றி நிஜ வீடு இருந்தால்தானே வெளிச்சம் நிஜமாக வளையும்? வெள்ளிக்கிழமை இசைவாணி கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போன நேரத்தில், எங்கள் ஹாலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். அதைக் கம்ப்யூட்டருக்குள் கிளாஸைச் சுற்றி மாட்டினேன். அடடா! சர்பத்துக்கு உயிர் வந்துவிட்டது!

மறுநாள் சந்தோஷம் தாங்காமல் கூப்பிட்டேன். "இசை, இங்கிட்டு வா!"

"ஏங்க, கிளாஸுக்குள்ள எல்லாம் தலைகீழாத் தெரியுது?"

"அதான் ஒளிவிலகல்! உருண்டை கிளாஸ்ல அப்படித்தான் தெரியணும். தெரியலைன்னா அது பொய்ப் படம்."

"அப்ப இது நம்ம ஹாலா?"

"சாட்சாத் நம்ம ஹாலு. ஒரு துரும்பு மாறாது. கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதுடி."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா!"

லேப்டாப்பைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள். "அப்ப நம்ம மேசையில, எலையில கெடக்குற நல்லி எலும்பு யாருதுங்க?"

எட்டிப் பார்த்தேன். பசி தாங்காமல் வாங்கி வந்த மட்டன் பிரியாணி! இலையைத் தூர எறிந்தேன்தான். படம் எடுத்த பிறகு எறிந்து தொலைத்திருக்கிறேன்!

"அது... முருங்கைக்காய்."

"முருங்கைக்காய்க்கு மூட்டு இருக்குமாங்க? அதுவும் வெள்ளிக்கிழமை!"

சரணடைந்தேன். ஆனாலும் ஒரு சந்து மிச்சமிருந்தது. "சரி, தோத்துட்டேன். என்ன செய்ய, பாதயாத்திரைக்குப் பேர் குடுக்குற நாளு போன வாரமே முடிஞ்சிருச்சே!"

"நம்ம ரெண்டு பேர் பேரும் குடுத்தாச்சுங்க."

"எப்ப?"

"நீங்க சபதம் போட்ட அன்னைக்கே."