கொஞ்சம் முன்னாடி சாய்ங்க!

மனிதர்கள் நாற்காலியில் உட்காருவதே தன் கடைப் பெயரை மறைப்பதற்காகத்தான் என்று நம்பியவர் இந்த உலகத்தில் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவர் எங்கள் முத்தியால்பேட்டை சேர்க்காரர்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். அந்தத் தெருவில் நான் குடியிருந்த காலம் முழுக்க அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று சபதம் போட்டு, வீட்டு முன்கட்டில் வாடகைக் கடை திறந்தார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஷாமியானா, நாலைந்து அண்டா. கடைக்குப் பெயர் ‘வெற்றி வாடகை நிலையம்’. ஒவ்வொரு நாற்காலியிலும் முதுகு சாயும் இடத்தில் அந்தப் பெயரையும் போன் நம்பரையும் வெள்ளை பெயின்ட்டில் தானே எழுதினார்.

முதல் ஆர்டர் பக்கத்துக் குருசுக்குப்பத்தில் ஒரு காதுகுத்து. வரிசையாக நாற்காலிகளைப் போட்டுவிட்டு மேடையில் ஏறி நின்று பார்த்தார். எங்கு திரும்பினாலும் வெற்றி வாடகை நிலையம். மனுஷனுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அப்புறம்தான் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெயர் பாக்கியில்லாமல் மறைந்து போயிற்று.

விடுவாரா? வரிசை வரிசையாகப் போய்க் கெஞ்ச ஆரம்பித்தார்.

“அண்ணே, கொஞ்சம் முன்னாடி சாய்ங்க. பேரு மறையுது.”

“யாரு பேரு?”

“நம்ம கடை பேருண்ணே. நீங்க சாஞ்சிருக்கீங்க பாருங்க, அது மேலதான்.”

சிலர் பாவமென்று முன்னால் சாய்ந்தார்கள். மீன்கூடைக்கார அம்மா ஒருத்தி மட்டும் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். “ஏன்யா, புள்ளைக்கிக் காது குத்த வந்தமா, ஒன் பேருக்குக் குனிஞ்சி கும்பிட வந்தமா?” என்று அவள் போட்ட சத்தத்தில் காது குத்துகிற ஆசாரி கையை எடுத்துவிட்டார்.

மறுநாளே எல்லா நாற்காலிக்கும் பின்பக்கமும் பெயர் எழுதினார். இப்போது முன்வரிசை பெயரைப் பின்வரிசைக்காரர்கள் படிக்கலாம். கடைசி வரிசையை யார் படிப்பது? அதற்காக அவரே கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்று, விசேஷம் முடிகிறவரை படித்துக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தாலும் மனுஷன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். காரணம், அவர் மனைவி செல்வி வைத்திருந்த கெடு. “பொங்கல் வரைக்கும்தான் பாப்பேன். அதுக்குள்ள கடை ஓடலன்னா மூட்டை கட்டிகினு விழுப்புரத்துக்குப் போயிடலாம். எங்கண்ணன் அரிசி மண்டியில ஆளு கேக்கறாரு.” அந்த அண்ணனுக்கு மாப்பிள்ளையை வேலை வாங்குவது என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஊர் முன்னால் “மாப்ளே, இந்த மூட்டைய அங்க போடு” என்று சொல்லப் போகும் நாளுக்காக அவர் காத்திருந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சேர்க்காரருக்கு வேர்த்துக் கொட்டும்.

விளம்பரம் போதவில்லை என்று முடிவு செய்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். தெருவையே அதில் சேர்த்தார். தினமும் காலையில் கடற்கரைக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சூரியன் உதிக்கும்போது வெறும் நாற்காலியைப் போட்டோ எடுத்து ‘இனிய காலை வணக்கம்’ என்று அனுப்புவார். முதல் நாள் ஆளில்லாத நாற்காலியைப் பார்த்த தெரு, யாரோ போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று வரிசையாகப் பதில் விழுந்தது. சேர்க்காரர் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஹோட்டலில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கான காலைக் கூட்டம் என்று கேள்விப்பட்டு, பத்திரிகையில் எழுதுகிற நானும் கூட இருந்தால் ஒரு கெத்து என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இட்லி சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிஷம் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். இவர் முறை வந்தது. பேசவில்லை. நேரே போய், சாட்டின் துணி போட்டு ரிப்பன் கட்டியிருந்த ஒரு நாற்காலியின் ரிப்பனை அவிழ்த்தார்.

“இந்தத் துணியக் கழட்டுனா உள்ள இன்னா இருக்குது? நம்ம பிளாஸ்டிக் சேருதான்! இத்த மூடி வைக்கறாங்க. நான் பேரு போட்டு வைக்கறேன். அவ்ளோதான் வித்தியாசம்.”

அதற்குள் நிமிஷம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணி இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் கோட்டு போட்ட பயிற்சியாளர் ஒருவர் பேசினார். “வியாபாரத்தைத் தேடாதீங்க, உறவைத் தேடுங்க. வாடிக்கையாளருக்குத் தேவை வர்றதுக்கு முன்னாலயே நீங்க அவர் வாசல்ல நிக்கணும்” என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார். அனுபவித்தது எங்கள் தெரு.

சேர்க்காரர் யோசித்திருக்கிறார். கல்யாணமா, அவரவர் முன்கூட்டியே மண்டபம் பிடித்து விடுகிறார்கள். திடீரென்று நாற்காலி தேவைப்படுவது எந்த வீட்டில்? அன்று சாயங்காலம் முதல் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆரஞ்சுப் பழத்தோடு போய் நிற்க ஆரம்பித்தார்.

“பெரியம்மாவுக்கு இருமல்னு கேள்விப்பட்டேன். இப்ப எப்பிடி இருக்காங்க?” என்று வாய் கேட்கும். கண் வாசலை அளந்துகொண்டிருக்கும், பந்தல்கால் எங்கே நடலாம் என்று. புறப்படும்போது விசிட்டிங் கார்டை ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் வைப்பார்.

தெரு அரண்டு போயிற்று. இவர் தலை தெரிந்தால் தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா காய்ச்சலோடு எழுந்து வாசலில் கோலம் போட்டார், தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு ஆர்டரும் நின்றது. பிறந்தநாளுக்குக்கூட அந்த நாற்காலியை வீட்டுக்குள் விட ஜனங்கள் பயந்தார்கள்.

தெருக்கோடி வீட்டில் முசே இருந்தார். பிரெஞ்சில் ‘ஐயா’ என்று அர்த்தம், தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிள்ளைகள் பாரிசில். மார்கழிக் குளிரில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார அந்த வார்டில் நாற்காலி கிடையாது. எனவே சேர்க்காரர் கையோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

முசே கண்ணைத் திறந்தார். ஆரஞ்சுப் பழம். சிவப்பு நாற்காலி. வெற்றி வாடகை நிலையம்.

“மோன் தியே! கடவுளே, மூச்சு இருக்கும்போதே சேரு வந்துடுச்சா? எடுடா அத்த!”

பழம் பறந்து வந்தது. நர்சு ஓடிவந்து இவரை வெளியே தள்ளினார். நாற்காலி மட்டும் வார்டிலேயே நின்றுவிட்டது. இத்தோடு விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். பொங்கல் நெருங்குகிறது, செல்வி அக்கா பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார், இந்த மனுஷன் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எனக்கே கோபம் வந்துவிட்டது.

“ஏங்க, அவர்தான் அந்தத் திட்டு திட்டுறாரே. அங்க உங்களுக்கு என்ன வியாபாரம்?”

“வியாபாரம் இல்ல சார். மொத நாளு திட்டுனப்ப அவருக்கு மூச்சு வாங்குச்சி. நேத்து முழுசாத் திட்டுனாரு. இன்னிக்கு எங்க அப்பன் வரைக்கும் போயிட்டாரு. உடம்பு தேறுது சார். பக்கத்துல யாருமே இல்ல. திட்டறதுக்காவது ஒரு ஆளு வேணாமா?”



போகிக்கு முதல் நாள் முசே வீடு திரும்பினார். போகியன்று காலை, சேர்க்காரர் கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். விழுப்புரத்து மச்சான் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு முசே வந்து நின்றார்.

“காணும் பொங்கலுக்கு எனக்கு சேரு வேணும்.”

“எத்தினி முசே?”

“ஒங்கிட்ட எவ்ளோ இருக்குதோ அவ்ளோவும். நான் பொழச்சதுக்கு விருந்து. தெருவே சாப்புடணும். ஆனா நான் கூப்புட்டா யாரு வருவா? நான்தான் எல்லார்கிட்டயும் சண்ட போட்டு வச்சிருக்கேனே. நீதான் வீடு வீடாப் போறவனாச்சே, போய்க் கூப்புடு.”

சேர்க்காரர் வீடு வீடாகப் போனார். கதவைச் சாத்தப் போனவர்கள், ஆரஞ்சுப் பழம் இல்லாததைக் கவனித்துத் திறந்தார்கள். இவர் போய்ப் பார்த்த மனிதர் பிழைத்து வந்து விருந்து போடுகிறார் என்ற சேதி தெருவின் பயத்தைத் துடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி நர்சுகளும் வந்தார்கள். வார்டில் போட்ட அந்த ஒற்றை நாற்காலியில் இத்தனை நாளாக மாறி மாறி உட்கார்ந்தவர்கள்கூடக் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களுக்கு அந்த போன் நம்பர் மனப்பாடமாகி இருந்தது.

நடுத்தெருவில் ஷாமியானா. ஒரு நாற்காலி காலியில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் முசே எழுந்து நின்று, பட்டாளத்தில் போட்ட அதே குரலில் உத்தரவு போட்டார்.

“எல்லாரும் முன்னாடி சாய்ங்க!”

தெருவே சாய்ந்தது. நான் சாய்ந்தேன். வீட்டுக்கார அம்மா சாய்ந்தார். செல்வி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாய்ந்தார். வரிசை வரிசையாக வெற்றி வாடகை நிலையம், ஒரு எழுத்து மறையாமல்.

அதைப் பார்க்க வேண்டிய ஆள் மட்டும் அங்கே இல்லை. சேதி கேட்டு குருசுக்குப்பத்திலிருந்து கடைசியாக வந்த அந்த மீன்கூடைக்கார அம்மாவுக்கு உட்கார இடமில்லை என்று, வார்டில் போட்டிருந்த நாற்காலியைக் கொண்டுவர ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்.

விழுப்புரத்து வண்டி வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது. கடை இன்றும் நன்றாக ஓடுகிறது. நான்தான் ஊர் மாறி வந்துவிட்டேன். இங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எவன் கடை நாற்காலியோ, நான் சாய்ந்து உட்காருவதில்லை. முதுகுவலியா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொள்கிறேன்.