அவரிடம் சொல்லிவிடு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், இடது முழங்கால் தவிர. உன் அக்காவின் நலத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்காகவாவது முழுக் கடிதத்தையும் படிப்பாய்.

மருந்துக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த நான், சும்மா இருக்க முடியாமல் சமையலறை டப்பாக்களை எல்லாம் அகரவரிசையில் அடுக்கி, எது எப்போது கெடும் என்று சீட்டு எழுதி ஒட்டினேன். "இத்தனை வருஷமா நான் என்ன விஷமா சமைச்சுப் போட்டேன்?" என்று கேட்டதோடு உன் அக்கா என்னிடம் பேச்சை நிறுத்தினாள். எங்களைச் சேர்த்துவைக்க அருவியும் தீவும் ஒரே நாளில் பார்க்கிற சுற்றுலாவுக்கு நீ டிக்கெட் எடுத்துக் கொடுத்தாய். நீ நன்றாக இரு. ஆனால் வேனில் ஏறியதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? கழுத்தில் விசிலோடு நின்ற வழிகாட்டிப் பெண்ணைப் பிடித்து எங்கள் நடுவில் உட்காரவைத்துக்கொண்டாள். "ஜன்னலை மூடணுமான்னு அவர்கிட்ட கேளும்மா." அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "சார், ஜன்னலை மூடணுமான்னு அம்மா கேக்குறாங்க" என்றாள். "வேண்டாம்னு சொல்லும்மா" என்றேன். நான் மட்டும் விட்டுக்கொடுப்பேனா?

அருவிக்கு ஏறும் பாதை முழுக்கச் சேறும் வேரும். உன் அக்கா விறுவிறுவென்று முன்னால் போக, நான் கடைசியில் தொங்கிக்கொண்டு வர, அந்தப் பெண் எங்களுக்காக ஒரே மலையை நாலு தடவை ஏறி இறங்கினாள். "மூச்சு வாங்குதான்னு அம்மா கேக்குறாங்க சார்." "வாங்கலைன்னு சொல்லு" என்று சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மேலே போனால் அருவி இரைச்சலில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. ஈரப் பாறையில் உன் அக்கா வழுக்கி அலறினாள். நான் நிதானமாகக் கையை நீட்டி அவளைப் பிடித்தேன். கரைக்கு வந்ததும் நன்றி சொல்வாள் என்று பார்த்தால், "கையை விடச் சொல்லும்மா அவரை" என்கிறாள்.

படகிலிருந்து தீவில் இறங்கியதும், "எனக்குத் தொண்டை போச்சு, நீங்களே பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மர நிழலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். நாங்கள் கரையோரமாக நடந்தோம். துணைக்கு வந்தது அந்தத் தீவு நாய் ஒன்றுதான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்தேன், திரும்பிப் பார்த்தால் செருப்பை அலை கொண்டுபோயிருந்தது. மணலோ அடுப்பு. நான் ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதிக்க, உன் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள், ஆள் இல்லை. நாயிடம், "நிழலுக்கு வரச் சொல்லு இவரை" என்றாள். நாய் வாலை ஆட்டியதே தவிர சொல்லவில்லை. நானும் நாயிடம், "செருப்பு கடலோட போயிடுச்சுன்னு சொல்லு" என்றேன். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட மனுஷா, என் செருப்பைப் போட்டுக்கோங்க, கால் வெந்துடப்போகுது!"

என்னைப் பார்த்துச் சொன்னாள், மச்சான், நேராக என்னைப் பார்த்து! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் குரல் இல்லாமல் வீட்டில் இருப்பு கொள்ளவில்லை எனக்கு. அவளுடைய பூப்போட்ட செருப்போடு படகில் ஏறினேன், ஊரே சிரித்தது, சிரிக்கட்டும்.

ஆகவே உன் அக்கா பரம நலம். நேற்று வீடு வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. அந்தச் சந்தோஷத்தில், இன்று காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய துணி அலமாரியையும் அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டேன். இன்னும் பார்க்கவில்லை. பூரித்துப்போவாள்.

உன் வீட்டாருக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், மருந்துக்கடைப் பக்கமே வராமல் வளர என் ஆசி.

இப்படிக்கு,
பேச்சுத்துணை திரும்பக் கிடைத்த உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துப் பார்த்தேன். பாறையில் வழுக்கியது அவர். அலறியதும் அவர். பிடித்தது நான். அதுகூடப் போகட்டும். இப்போதுதான் அலமாரியைத் திறந்தேன். புடவைக்குப் புடவை சீட்டு! என் கல்யாணப் புடவையில் 'காலாவதி' என்று ஒட்டியிருக்கிறார். இனி நான் பேசுவதாக இல்லை என்று அவரிடம் சொல்லிவிடு. அப்படியே புதுச் செருப்பு வாங்கிக்கொள்ளவும் சொல். அடுத்த மாதம் அதே சுற்றுலாவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் மறுபடி டிக்கெட் எடு. அந்த வழிகாட்டிப் பெண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம். நாய் இருந்தால் போதும்.