இருபது பேருக்கு ஒரு சிறுநீரகம்

சர்க்கரை நோயுள்ள ஊழியர்களின் சிறுநீரகங்கள் மீது நிர்வாகம் பேரன்பு கொண்டுள்ளதாக ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. கூடவே ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவும் வந்தது. காலைச் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பார்களாம். வலி, வீக்கம் எதுவும் வருவதற்கு முன்பே சிறுநீரகம் பழுதாவதை அது காட்டிக்கொடுத்துவிடும். முப்பதுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை.

புள்ளிவிவரப் பிரிவு குமாஸ்தாவும் டப்பாவை நிரப்பிக் கொடுத்து, ரசீதைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. ஆபீஸில் அவருக்குப் பெயர் 'சராசரி சார்'. எப்பேர்ப்பட்ட அசிங்கமான எண்ணையும் நல்ல எண்களோடு கூட்டி, வகுத்து, மேலிடம் முகம் சுளிக்காதபடி அனுப்புவதில் மனுஷன் கில்லாடி.

இருபது பேரின் முடிவுகளும் அவர் மேசைக்கே வந்தன. ரகசியம் காக்க, பெயருக்குப் பதில் எண்கள். பத்தொன்பது பேர் சமர்த்துகள். பதினாலாம் எண் மட்டும் இருநூற்றுப் பத்து.

"ஐயோ பாவம், யாரு பெத்த பிள்ளையோ!" என்று உச்சுக்கொட்டிவிட்டு, எல்லாவற்றையும் கூட்டி இருபதால் வகுத்தார். இருபத்துநாலு! மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். 'இவ்வலுவலகத்தின் சிறுநீரகம் பூரண நலத்துடன் இயங்கி வருகிறது' என்று அன்றே மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

"ஏங்க, டெஸ்ட் என்னாச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"இருபத்துநாலு. நார்மல்."

"அது உங்களுதா?"

"எங்களுது."

"நான் என்ன உங்க ஆபீஸையா கட்டிக்கிட்டேன்? உங்க நம்பரைப் பாருங்க முதல்ல!"

சட்டைப்பையைத் துழாவி ரசீதைப் பிரித்தார். பதினாலு. இப்போதே மருந்து ஆரம்பித்தால் தப்பிக்கலாம். விட்டுவிட்டால், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

மறுநாள் மேலதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், பதினாலு நான்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தீங்கன்னா..."

"என்னய்யா விளையாடுறீங்க? நல்லாயிருக்குன்னு நேத்துதானே எழுதினோம்? கணக்குப் போட்டதே நீங்க!"

"கணக்கு சரிதான் சார். கிட்னிதான்..."

"கணக்கு சரின்னா கிட்னியும் சரி. சராசரி முப்பதைத் தாண்டினாத்தான் கடிதம் கொடுக்க எனக்கு அதிகாரம். இன்னும் நூத்திருபத்தொண்ணு தேவைப்படுது. மத்தவங்க யாராவது ஒத்துழைப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க."

கேட்டும் பார்த்தார், அதுதான் கூத்து. மேசை மேசையாகப் போனார். "தப்பா நினைக்காதீங்க சார், எனக்கு எட்டுதான்," என்றார் தட்டச்சு அம்மாள். ஸ்டோர்கீப்பருக்கோ கோபமே வந்துவிட்டது. "உங்க ஒருத்தரால எங்க ஆபீஸ் மானமே போயிருக்கும்!"

மனைவி அதற்கு மேல் பொறுக்கவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் தங்கமான மனுஷி. காகிதத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"பயப்படாதீங்க. நல்ல சமயத்துல வந்துட்டீங்க. இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணி உறுதி செஞ்சுட்டு, உடனே மாத்திரை ஆரம்பிச்சுடலாம்."

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். சராசரி சாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரும்பியவர் தயங்கினார்.

"ஒண்ணு செய்வீங்களா? அடுத்த மாசம் வாங்களேன். இந்த மாசம் நாப்பத்துநாலு பேர் பதிவாகியிருக்காங்க, சராசரி இருபத்தொம்பது. முப்பதுக்குள்ள முடிச்சா எங்க ஆஸ்பத்திரிக்குப் பாராட்டுப் பத்திரம் உண்டு."

மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சராசரி சார் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கத்தாதே. அவங்க சொல்றது நியாயம்தான். என்னைச் சேர்த்தா முப்பத்துமூணு வருது."