வரலாறு காணாத கம்ப்ரஷன்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் வண்டிகளுக்குச் செய்த மிகப் பெரிய உபகாரம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியின் இரண்டாம் மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் மணிக்கு, இஞ்சி டீயுடன் நிறைவேறியது. ‘பங்காளி வாகன நலத் திட்டம்’ என்று அதற்குப் பெயர். ஒப்பந்தத்தில் ஓடும் வண்டிகளின் உடல்நலத்தை இனிமேல் கம்பெனியே பேணும். சொந்தக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம். அதுவரை நிம்மதியாக இருந்த மஸூத், அன்று சாயங்காலம்தான் இதைக் கேள்விப்பட்டார்.

மஸூத் பூந்தமல்லிக்காரர். பழைய பெட்ரோல் வேன் ஒன்று வைத்திருந்தார். விடிந்ததும் திருநின்றவூருக்குப் போய் எட்டுப் பெண்களை ஏற்றி, ஆவடி நெரிசலில் நீந்தி, எட்டு மணிக்குள் கம்பெனி வாசலில் இறக்குவார். மாதத்தில் மூன்று நாள் வண்டி வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து. அந்த ஒப்பந்தத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. எட்டு வருடத்தில் ஒரு நாளும் வண்டி நின்றதில்லை. ரேடியேட்டரில் மட்டும் தினம் ஒரு சொம்பு தண்ணீர் குறையும். அவர் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்.

இந்தச் சொம்பைத்தான் திட்டம் கண்டுபிடித்தது. ‘தொடர் மேம்பாட்டு’ மேலாளர் ரகுநாதன் அதை நோயென்று அறிவித்தார். வண்டி கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் படுக்கவைக்கப்பட்டது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். சூட்டில் லேசாகக் கோணியிருந்தது. அடிப்பக்கத்தைச் சீவிச் சமப்படுத்த, மண்ணூர்பேட்டையில் மெஷின் வைத்திருந்த எட்மண்டிடம் அனுப்பினார்கள்.

எட்மண்ட் சீவி முடித்து, ஹெட்டைத் துணியால் துடைத்து மஸூத் கையில் கொடுத்தார். சீவிய முகம் குளத்து நிலா போல இருந்தது.

“கால் மில்லி எடுத்துக்கீறேன் பாய்,” என்றார். “பிஸ்டனுக்கு மேல இருக்கற எடம் அந்த அளவு கொறைஞ்சி பூடும். காத்தும் பெட்ரோலும் அதுக்குள்ளயே நசுங்கணும். ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல போடற கேஸ்கெட்டுத் தகட்டக் கொஞ்சம் தடியாப் போடச் சொல்லு. கணக்கு சரியாப் பூடும்.”

“போடலன்னா?”

“கம்ப்ரஷன் ஏறும். சூடு ஏறும். சூடு ஏறுனா ஹெட்டு மறுபடியும் கோணிக்கும். மறுபடியும் என்னாண்ட வருவ. எனக்கு வியாபாரம்தான்.”

மஸூத் இதை அப்படியே இரண்டாம் மாடியில் நடந்த திட்டக் கூட்டத்தில் சொன்னார். அவருக்கும் ஒரு டீ கொடுத்துக் கேட்டார்கள். ஆனால் கம்பெனியில் அப்போது ‘மெலிவு இயக்கம்’ நடந்துகொண்டிருந்தது. கோப்புகள் மெலிந்திருந்தன, சாப்பாட்டு இடைவேளை மெலிந்திருந்தது, கேன்டீன் தோசை வெளிச்சத்தில் மறுபக்கம் தெரியுமளவு மெலிந்திருந்தது. இந்த நிலையில் ‘தடி’ என்ற வார்த்தையைக் கொள்முதல் அதிகாரி ஹெலினா எப்படி எழுதுவார்? சந்தையில் கிடைத்ததிலேயே மெல்லிய கேஸ்கெட்டை வாங்கி, அதற்காகப் பாராட்டும் பெற்றார்.

விளைவு பிரமாதம். முன்பு பன்னிரண்டு காட்டிய கம்ப்ரஷன் மீட்டர் பதினான்கு காட்டியது. ரகுநாதன் அதை வரைபடமாக்கிச் சுவரில் ஒட்டினார். கோடு மேல்நோக்கிப் போனது. மேல்நோக்கிப் போகும் கோட்டைக் கேள்வி கேட்கும் வழக்கம் அந்தக் கட்டடத்தில் இல்லை.

மறுநாள் மேம்பாலம் ஏறும்போது இன்ஜினுக்குள் கூழாங்கல் குலுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது. முன்சீட்டில் இருந்த ரெனிதா, “அண்ணா, உள்ள யாரோ கதவத் தட்டறாங்க,” என்றாள். மஸூத் அவர்களை இறக்கிவிட்டு நேரே மாடிக்குப் போய்ச் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். அது வலுவின் குரல் என்று ரகுநாதன் விளக்கினார். வலு பத்து நாள் குரல் கொடுத்தது. பிறகு ரேடியேட்டர் கொதித்து, எட்மண்ட் சொன்னபடியே ஹெட் கோணிக்கொண்டது.

நல்ல நிர்வாகத்துக்கு இலக்கணமே இதுதான்: தான் தீர்த்த பிரச்சினையைத் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும், யாரையும் எதிர்பார்த்து நிற்காது. இரண்டாம் முறையும் கால் மில்லி சீவினார்கள். அதே மெல்லிய கேஸ்கெட். மீட்டர் பதினைந்தரை. வரைபடத்துக்குத் தாள் போதாமல் மேலே ஒரு துண்டு ஒட்டினார்கள். அந்த மாதமே ஹெட் மூன்றாம் முறையும் கோணியது.

எட்மண்ட் இந்தத் தடவை மெஷினைப் போடவில்லை. “இதுக்கு மேல எடுத்தா வால்வு போயி பிஸ்டன முட்டும். எடுக்க மாட்டேன். வேணும்னா எழுதித் தரேன்.” எழுதியும் தந்தார். மஸூத் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறி, கூட்ட மேஜைமேல் விரித்தார்.

ரகுநாதன் நிதானமாகப் படித்தார். “ஒரு தடவைக்குக் கால் மில்லிக்கு மேல எடுக்கக் கூடாதுங்கறது நம்ம ரூல். நாம என்னைக்காவது மீறியிருக்கோமா மஸூத்?”

“மூணு காலு சேந்தா முக்கா சார்.”

“அதைக் கூட்டறதுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லையே.”

“சார், தடியா ஒரு கேஸ்கெட்டு போடுங்க. இல்லாட்டி வண்டியக் குடுத்துடுங்க, நானே பாத்துக்கறேன். எனக்குப் பழைய ஒழுகலே போதும்.”

திட்டத்திலிருந்து வெளியேற வழி உண்டா என்று மேஜையைச் சுற்றியிருந்த ஆறு அதிகாரிகளும் விதிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். சேர்வதற்கு மட்டுமே வழி இருந்தது. எட்மண்டின் சீட்டு ‘வெளியார் கருத்துகள்’ என்ற கோப்பில் மரியாதையோடு வைக்கப்பட்டது. மறுக்காத மெஷின் கடைகள் பட்டியலில் வேறு இருந்தன.

மூன்றாம் முறை மீட்டர் பதினேழு காட்டியது. அப்படியோர் எண்ணை அந்த ஒர்க்‌ஷாப் கண்டதில்லை. ரகுநாதன் கீழே இறங்கி வந்து, தன் கையாலேயே சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமி எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு கைதட்டல் மட்டும் கேட்டது. மஸூத் பானெட்டின்மேல் கை வைத்தபடி நின்றார்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. யாரும் எந்த விதியையும் மீறவில்லை என்று அறிக்கை சொன்னது; அது முற்றிலும் உண்மை. கம்ப்ரஷன் உயர்வுக்காக ரகுநாதனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். திருநின்றவூர்ப் பெண்கள் ரயிலேறி வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தார்கள். தாமதமானவர்களுக்கு அரைநாள் விடுப்பு எழுதப்பட்டது.

மஸூத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. நல்ல தமிழில், பணிவோடு எழுதியிருந்தார்கள். அவருடைய எட்டு வருடச் சேவைக்கு நன்றி. இந்த மாதம் வண்டி மூன்று நாள் வரத் தவறியதால் ஒப்பந்தம் ரத்து செய்யப்படுகிறது. கீழே ரகுநாதனின் கையெழுத்து. அந்த மூன்று நாளும் வண்டி எங்கே நின்றது என்று மட்டும் கடிதத்தில் இல்லை. அது, கையெழுத்துப் போட்டவரின் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது.