ஒக்னியான் பிடுங்கிய வயிறு

கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. வெறுங்கையால் வயிற்றைத் திறந்து, பாதி இரைப்பையைப் பிடுங்கி எறிகிறாராம் மகான் ஒக்னியான்! பல்கேரியாவின் கார்லோவோ ஊர் வாசகசாலையில் கூட்டம் நெரிந்தது. புத்தகங்கள் மட்டும் இருந்தவரை ஈ காக்கை எட்டிப் பார்க்காத இடம் அது.

வரிசையில் ஸப்ரியானும் நின்றார். சர்க்கரை முற்றி, மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கும் உடம்பு. வியாழக்கிழமை ப்ளோவ்திவ் ஆஸ்பத்திரியில் அவருக்கு எடையைக் குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை. அதை ரத்து செய்யப் போவதாக அவர் சொன்னதிலிருந்து மனைவி வெசெலா அவரை விட்டு நகரவில்லை.

டாக்டர் சொன்னதை அவள் மறுபடி எடுத்துச் சொன்னாள். வயிற்றில் நாலைந்து சிறு துளைகள். வாயு நிரப்பி உப்பவைப்பார்கள். ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். இரைப்பையை நெடுக்காக ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி, வெட்டி, பெரும்பகுதியை வெளியே எடுத்துவிட்டு, வாழைப்பழம்போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும்.

"அவங்க ஓட்டை போடுவாங்க, இவரு தழும்பே இல்லாம முடிக்கிறாரு. நீ சும்மா இரு, வெசெலா."

ஸப்ரியான் மேசையில் படுத்தார். மகான் கண்ணை மூடி, தொப்பையைப் பிசைந்து, விரல் இடுக்கில் சிவப்பு வழிய எதையோ உருவித் தொட்டியில் போட்டார். கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. எடுத்ததை உடனே எரிக்க வேண்டுமாம். கிட்டே போய்ப் பார்ப்பவர்களுக்கு உடம்பு ஊதிப்போகுமாம். எப்பேர்ப்பட்ட முன்யோசனை!

"நான் ஏற்கெனவே குண்டுதான். எனக்கென்ன பயம்?" என்று வெசெலா தொட்டியில் கைவிட்டாள். துண்டைக் குழாயடியில் காட்டினாள். பீட்ரூட் சாயம் ஓடியது. தேனடைபோல் கட்டம் கட்டமாய் வெள்ளைச் சதை. குடித்த மறுநாள் காலையில் ஊரே ஷ்கெம்பே சூப்பில் மென்று தின்னும் மாட்டு இரைப்பை!

மகான் மசியவில்லை. மனித வயிறும் உள்ளே இப்படித்தான் இருக்கும் என்றார்.

"அப்போ நாங்க தினம் காலையில யாரைத் தின்னுக்கிட்டிருக்கோம்?"

 பின்வரிசையில் ஒருவர், சூப்பில் ஊற்றிக்கொள்ளப் பூண்டு வினிகர் எங்கே என்று கேட்டார். சிரிப்பு வெடித்ததில் மகான் பின்கதவைத் தேடினார். அங்கேயும் வரிசைதான் நின்றது.

ஸப்ரியான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" வெசெலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வயிற்றைத் தூக்கிக் கொடுக்க வரிசையில் நின்ற பெருமக்களே, வீட்டுக்குப் போனதும் தலையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அதற்குள் இருந்ததைத்தான் அவன் முதலில் எடுத்திருக்கிறான்.